ஒரு நாள் எப்படிப் போகிறது?

மூன்று வயதுக் குழந்தை ஒரு நாளில் ஏறத்தாழ 12 மணி நேரம் விழித்திருக்கும். வாரத்துக்கு 84 மணி நேரம். வளர்ச்சியில் பின்தங்கிய ஒரு குழந்தையை வாரம் இரண்டு முறை, முக்கால் முக்கால் மணி நேரம் தெரபிக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒன்றரை மணி நேரம். காய்ச்சலோ, பஸ் தவறியதோ, அப்பாவுக்கு லீவு கிடைக்காததோ குறுக்கே வந்தால் அதிலும் பாதிதான். மிச்சமுள்ள எண்பத்துச் சொச்சம் மணி நேரத்தில் அந்தக் குழந்தை குளிக்கிறது, சாப்பிடுகிறது, சட்டை போட மாட்டேன் என்று ஓடுகிறது, பாட்டி மடியில் கிடக்கிறது, அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கிறது. சிறு வயதிலேயே தொடங்கும் இந்த உதவியை, அதாவது ஆரம்பநிலை இடையீட்டைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றியே பேசுகிறோம்.

தமிழ்நாட்டில் இந்தத் துறையில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் அது நேர்மையில்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளுக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கின்றன. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் என்று நான்கு விதமாகப் பரிசோதித்து, தேவைப்படுகிறவர்களை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. 1995-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 7 ஆக இருந்த ஊனங்களின் வகை 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் 21 ஆயிற்று. ஆட்டிசம் அப்போதுதான் பட்டியலுக்குள் வந்தது. காது கேளாத சிறு குழந்தைகளுக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் அறுவை சிகிச்சை நடக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகலாம் என்று காட்டிவிட்டது. கண்டுபிடிக்கும் வேலை பத்து வருஷத்துக்கு முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல். கண்டுபிடித்த பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். மையத்தில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். காலையில் பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை என்று பயிற்சிகள். படத்தில் பெரிய ரப்பர் பந்து, சுவர் நிறையக் கண்ணாடி, தரை முழுக்க மெத்தை. அம்மா நாலு நாள் செய்வார். ஐந்தாம் நாள் தண்ணீர் வரும் நாள், ஆறாம் நாள் மாமனாருக்கு உடம்பு சரியில்லை, அதோடு விட்டுப்போகும். அடுத்த முறை "வீட்டுல பண்றீங்களாம்மா?" என்று கேட்டால் "பண்றேன் மேடம்" என்பார். கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். தாள் கோப்புக்குள் போய்விடும். இதில் அம்மாவின் சோம்பல் என்று எதுவும் இல்லை, தெரபிஸ்டின் அலட்சியமும் இல்லை. அந்தத் தாள் அந்த வீட்டைப் பார்த்து எழுதப்பட்டதல்ல, அவ்வளவுதான்.

மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டத் திருத்தம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான இடையீட்டுத் திட்டத்தைக் குடும்பத்தோடு சேர்ந்தே எழுத வேண்டும் என்றது. அதையொட்டி ராபின் மெக்வில்லியம் என்ற ஆய்வாளர் ஒரு நேர்காணல் முறையை உருவாக்கினார். குழந்தைக்கு என்ன வராது என்று அதில் முதலில் கேட்பதில்லை. காலையில் யார் முதலில் எழுந்திருக்கிறீர்கள், அப்புறம் என்ன நடக்கும், அப்போது மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள், குழந்தை என்ன செய்யும் என்று இரவு படுக்கப் போகும்வரை ஒவ்வொரு வேளையாகக் கேட்டுப் போகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் குடும்பத்துக்கு எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் வாங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது குடும்பம். இதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். நம் மையங்களின் கூட்டத்தில் அது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆறு மாதம் யாரும் செய்யாத பயிற்சித் தாளை எழுதுவதைவிடப் பெரிய ஆடம்பரம் இல்லை என்பது நம் கருத்து.

திருப்பூரில் ஒரு லைன் வீட்டை மனதில் வைத்துக்கொள்வோம். ஒரே அறை, ஓரத்தில் சமையல், பொதுக் கழிப்பறை. அப்பா பனியன் கம்பெனியில் ஷிப்ட்; அம்மா பீஸ் ரேட்டில் செக்கிங் வேலை. ஊரிலிருந்து வந்த பாட்டிதான் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். பிள்ளைக்கு இரண்டரை வயது, மூளை முடக்குவாதம், உட்கார வைத்தால் பக்கத்தில் சாய்ந்துவிடுகிறது. இந்த வீட்டில் 'தினமும் 45 நிமிடம் பயிற்சி' என்று எழுதினால் அதைச் செய்யப்போவது யார், எங்கே, எப்போது? ஆனால் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டால் வேறு விஷயங்கள் வெளியே வரும். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார். அது கால் மணி நேரம், பிள்ளையே சந்தோஷமாக இருக்கும் நேரம். சாப்பாடு பெரும்பாடு, ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம். சாயங்காலம் அப்பா வந்தால் வண்டியில் ஒரு சுற்று. இரவு எத்தனை மணிக்குத் தூங்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது சாப்பாட்டைப் பார்ப்போம், ஏனென்றால் அந்தக் குடும்பம் அதற்குத்தான் ஆகக் குறைந்த எண்ணான ஒன்றைக் கொடுக்கும். பாட்டி பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, சங்கில் கஞ்சி புகட்டுகிறார். அவர் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அப்படித்தான் புகட்டினார், ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பிள்ளைக்கு விழுங்கும் தசைகள் ஒத்துழைப்பதில்லை. தலை பின்னால் சாய்ந்திருந்தால் கஞ்சி மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது. இருமல், புரையேற்றம், மாதம் ஒரு முறை நெஞ்சுச் சளி. செய்ய வேண்டிய மாற்றம் சின்னது. அறையின் மூலையில், இரண்டு சுவரும் முதுகைத் தாங்குகிற மாதிரி உட்கார வைத்து, இரு பக்கமும் பழைய புடவையைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, பாதம் தரையிலோ பலகையிலோ படும்படி செய்வது. தலை நேராக, முகவாய் லேசாகக் கீழே பார்த்தபடி. கஞ்சியைச் சற்றுக் கெட்டியாக்கி, ஸ்பூனை முன்பக்கமாக, தாழ்வாகக் கொண்டுவந்து நாக்கின்மேல் மெல்ல அழுத்தி, பிள்ளை உதட்டை மூடும்வரை காத்திருப்பது. முதல் இரண்டு வாரம் இன்னும் அதிக நேரம்தான் ஆகும், இதைப் பாட்டியிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இப்படி மூன்று வேளை உட்காருவதே கழுத்துக்கும் முதுகுக்கும் பயிற்சி. தனியாக 'உட்காரும் பயிற்சி' என்று ஒன்றை எழுத வேண்டியதே இல்லை. ஆனால் இந்த உட்காரும் முறை இந்தப் பிள்ளைக்குச் சரியா, கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை ஒரு பயிற்சி பெற்றவர் அந்த மூலையிலேயே குந்தியிருந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். போனில் சொல்லும் விஷயமல்ல.

பேச்சுக்கும் இதே கணக்கு. இரண்டு வயது தாண்டியும் வாய் திறக்காத பிள்ளையைக் குளிப்பாட்டும்போது, முதல் இரண்டு சொம்பு ஊற்றிவிட்டு மூன்றாவது சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்த வேண்டும். பிள்ளை ஏறிட்டுப் பார்க்கும், அல்லது கையை நீட்டும், அல்லது 'ம்' என்று ஒரு சத்தம் வரும். வந்ததும் "ஊத்தவா? ஊத்து!" என்று ஊற்ற வேண்டும். சிரமம் சொம்பைப் பிடிப்பதில் இல்லை, சும்மா இருப்பதில்தான். பிள்ளை கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் செய்துவிடுவதுதான் பாசம் என்று நாம் வளர்ந்திருக்கிறோம். சட்டை போடுவதிலும் அப்படி ஒரு வழி இருக்கிறது. தலையை நுழைத்து, இரண்டு கையையும் மாட்டி, வயிற்றுக்கு மேலே சுருண்டு நிற்கும் சட்டையை இழுத்துவிடும் கடைசி வேலையை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். அது பழகிய பின் ஒரு கையை மாட்டுவது. பின்னாலிருந்து முன்னால் வருவதால் ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பது பிள்ளையாகவே இருக்கும்.

சாப்பிடும்போது கையில் போனைக் கொடுக்கும் அம்மாக்களைத் திட்டுவது இப்போது எல்லோருக்கும் சுலபமாகிவிட்டது. அந்த இருபது நிமிடத்தில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டுவிட்டுத் திட்டலாம். கேட்டால், மூத்த பிள்ளையை ஸ்கூலுக்குக் கிளப்புகிறார் என்று தெரியும். போனை வாங்கி வைக்கச் சொல்வதற்கு முன் மூத்தவனைக் கிளப்ப இன்னொரு ஆள் வேண்டும்.

இந்த அணுகுமுறையை மூன்று தரப்பு மூன்று விதமாகப் பார்க்கிறது. முதல் இரண்டு தரப்பின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. தெரபிஸ்டுகள், 'படித்துத் தேர்ந்த வேலையைக் குளிப்பாட்டுவதோடு சேர்த்துவிட்டால் அதன் தரம் என்ன ஆகும்' என்று கேட்கிறார்கள். பெற்றோர், குறிப்பாகத் தாய்மார்கள், 'இருக்கிற வேலை போதாதென்று எங்களையே தெரபிஸ்டாக்கிவிட்டு, நாளைக்குப் பிள்ளை நடக்கவில்லை என்றால் நீ சரியாகச் செய்யவில்லை என்பீர்கள்' என்று பயப்படுகிறார்கள். மூன்றாவது தரப்பு சந்தேகப்படுவதில்லை, சந்தோஷப்படுகிறது, அதுதான் கவலை. வீட்டிலேயே நடக்குமென்றால் பணியிடங்களை நிரப்ப வேண்டாமே என்று நினைக்கக்கூடிய நிர்வாகம் அது.

முதலில் தெரபிஸ்டுகளுக்கு. அன்றாட வழக்கம் மருத்துவத்துக்கு மாற்றல்ல. தொடர்ச்சியாக வெடுக் வெடுக்கென்று தலை குனிந்து கை விரியும் பச்சிளம் குழந்தையை அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அது வலிப்பாக இருக்கலாம், ஒவ்வொரு நாள் தாமதமும் மூளைக்குச் சேதம். காது கேட்காத பிள்ளைக்குக் கருவி வேண்டும், இறுகும் தசைக்குக் கைதேர்ந்தவர் கை வேண்டும். "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று மூன்று வயதுவரை காத்திருப்பதற்கு இந்தக் கட்டுரை எந்த வகையிலும் துணை போகாது. நாம் சொல்வது, கருவி பொருத்திய பின், மருந்து தொடங்கிய பின், அந்தக் குழந்தை கற்றுக்கொள்ளும் இடம் வீடு என்பதை. சென்னை பால வித்யாலயாவில் காது கேளாத குழந்தைகளோடு பெற்றோரும் சேர்ந்தே பயிற்சி பெறுவது வெகுகாலமாக நடக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், சமூக மறுவாழ்வுப் பணியாளர்களை வீடுகளுக்கே அனுப்புகிறது. அவர்கள் கையில் இருக்கும் செயலி வழியாகத் தெரபிஸ்டுகள் பின்னாலிருந்து வழிகாட்டுகிறார்கள். படித்தவரின் வேலை அங்கே குறையவில்லை, கடினமாகியிருக்கிறது. பயிற்சி அறையில் ஒரு குழந்தையை உட்கார வைப்பதைவிட, ஒரு பாட்டிக்கு அதைச் சொல்லிக்கொடுத்து, அவர் வழியில் அவர் செய்வதைப் பொறுமையாகப் பார்த்துத் திருத்துவது பெரிய வித்தை.

தாய்மார்களின் பயத்துக்குப் பதில் சொல்வது இவ்வளவு சுலபமில்லை. அன்றாட வழக்கத்தை வைத்து இடையீடு என்பது அமெரிக்காவில் வந்தபோது, வீட்டுக்கு வருகிற ஆளும் சேர்ந்தே வந்தார். இங்கே ஆள் வராமல் அறிவுரை மட்டும் வந்தால், அது அம்மாவின் தலையில் இன்னொரு குடம். ஆகவே இதில் பொதுக் கருத்து ஒன்று உருவாக வேண்டுமென்றால் அது இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்: வீட்டின் ஒரு நாள் என்பது அம்மாவின் ஒரு நாள் அல்ல.

அதில் அப்பாவுக்கு ஒரு வேளை இருக்க வேண்டும். குளியலோ, சாயங்கால வண்டிச் சுற்றோ, படுக்கப்போடுவதோ, எதுவாக இருந்தாலும் 'உதவி' என்று சொல்லாமல் அவருடைய வேலையாக. வண்டியில் கிளம்பும் முன் சாவியைப் பிள்ளை கையில் கொடுத்து, அது நீட்டும்வரை நிற்பதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. பாட்டி, தாத்தாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் மையங்களில் அவர்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அம்மாவிடம் பேசுகிறோம். பகல் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவரோ வெளியே இருப்பவர். அதேசமயம், மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எல்லா மருமகள்களும் மனதில் உள்ளதைச் சொல்லிவிட மாட்டார்கள் என்பதையும் கேட்கிறவர் அறிந்திருக்க வேண்டும். இருவரிடமும் தனித்தனியாகக் கொஞ்ச நேரம் பேசுவது நல்லது. மெக்வில்லியத்தின் முறையில் இந்தச் சிக்கலுக்கு இடமில்லை, நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாளிகளுக்கும் பங்கு உண்டு. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது 50 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று விதி வந்தது. அந்தக் காப்பகங்கள் எத்தனை இடத்தில் உண்மையாக இயங்குகின்றன என்பது ஒரு பக்கம். இயங்கும் இடத்திலும், நடக்காத பிள்ளையை, பேசாத பிள்ளையை "நாங்க பாத்துக்க முடியாதும்மா" என்று திருப்பி அனுப்பினால் அந்த அம்மாவின் வேலை போய்விடும். வேலை போன வீட்டில் எந்த அன்றாட வழக்கமும் நிலைக்காது. தொழில் அமைப்புகள் தங்கள் காப்பக ஆயாக்களுக்கு மாவட்ட மையத்தில் சில நாள் பயிற்சி கொடுப்பது பெரிய செலவில்லை.

அங்கன்வாடியிடம் கேட்பதற்கு முன் கொஞ்சம் தயங்க வேண்டும். மாநிலத்தில் சுமார் 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன, இவ்வளவு பக்கத்தில் வேறு எந்த அரசு அமைப்பும் இல்லை என்பதாலேயே எல்லாத் துறையும் அங்கன்வாடி டீச்சர்கள் தலையில் ஒரு பதிவேட்டை வைத்துவிட்டுப் போகிறது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. 2024-ல் வந்த 'நவசேதனா' என்ற வழிகாட்டி மூன்று வயதுவரையிலான 36 மாதங்களுக்கு 140 செயல்பாடுகளை வரிசைப்படுத்தியிருக்கிறது. அவற்றில் பல வீட்டு வேலைகளுக்கு நடுவே செய்யக்கூடியவை. பாட நூல் இருக்கிறது, வாத்தியார்தான் இல்லை. சமைத்துப் போட்டு, எடை பார்த்து, போனில் விவரம் ஏற்றி முடிப்பதற்குள் டீச்சருக்குப் பொழுது போய்விடுகிறது. அவர் கையில் 141-வது செயல்பாடாக இதையும் கொடுக்காமல், மாதம் ஒரு நாள் ஒரு தெரபிஸ்ட் அங்கன்வாடிக்கு வந்து, அந்தத் தெருவில் உள்ள பிள்ளைகளின் வீட்டுக்கு டீச்சரோடும் கிராம சுகாதார செவிலியரோடும் சேர்ந்து போனால் போதும். டீச்சருக்கு வீடு தெரியும், வந்தவருக்கு வேலை தெரியும்.

நிர்வாகத்திடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான், ஆனால் அழுத்தமாக. இது மலிவு வழி அல்ல. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரப்படும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை நல்லதுதான். அதனால் ஒரு தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்துவிட மாட்டார். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும், வீட்டுக்குப் போய் வர போக்குவரத்துப் படி கொடுக்க வேண்டும். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை 'சிட்டிங்' கொடுத்தோம் என்று மட்டும் கணக்குக் கேட்கும் மாதாந்திர அறிக்கையில், எத்தனை வீடுகளைப் பார்த்தோம் என்ற பத்தியும் வேண்டும். அறிக்கையில் இடமில்லாத வேலையை எந்த ஊழியரும் அதிக நாள் செய்ய மாட்டார்; அது மனித இயல்பு.

இவற்றுள் பலவற்றுக்கு அரசாணையும் நிதி ஒதுக்கீடும் வேண்டும், நாளாகும். நாளாகாத இரண்டு விஷயங்கள் உண்டு. மாவட்ட மையங்களில் குழந்தையைப் பதியும் விண்ணப்பத்தில் பெயர், பிறந்த எடை, எந்த வாரத்தில் பிறந்தது, அழுததா என்றெல்லாம் கேட்கிறோம். அதோடு நான்கு வரி சேர்க்கலாம்: யார் குளிப்பாட்டுகிறார், யார் சோறு ஊட்டுகிறார், பகலில் யாரோடு இருக்கிறது, வீட்டில் எந்த நேரம் பெரும்பாடாக இருக்கிறது. இன்னொன்று, மையங்கள் திறந்திருக்கும் நேரம். வேலை நாள் பகலில் மட்டும் திறந்தால் அம்மாவும் பிள்ளையும் மட்டுமே வர முடியும். அப்பா வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஊழியர்களுக்கு ஈடு விடுப்புக் கொடுத்து மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்து வைத்து, 'பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் வாருங்கள்' என்று கூப்பிட மாவட்ட ஆட்சியர் ஒருவர் மனது வைத்தால் போதும். எந்த மாவட்டம் முதலில் செய்கிறது என்று பார்ப்போம்.